திறன்பலகை வாங்கினால் பாடம் ஏறுமா?

ஜொகூரில் நான் அமர்ந்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில், நன்கொடை என்றதும் எழும் முதற்குரல் திறன்பலகைக்கே. மூன்றாம் ஆண்டிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்காக எவரும் கையுயர்த்தக் கண்டிலேன். திறன்பலகைக்குத் திறப்பு விழா உண்டு, நாடா வெட்டலாம். குறைநீக்கல் வகுப்புக்கு எந்த நாடாவை வெட்டுவது?

இம்மயக்கத்தில் நாடே வீழ்ந்ததுண்டு. 2011இல் தொடங்கிய 1பெஸ்தாரிநெட் திட்டம் ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணையமும் மெய்நிகர் கற்றல் தளமும் தர முனைந்தது. மதிப்பீடு 400 கோடி வெள்ளிக்கு மேல். அத்தளத்தின் பயன்பாடு 5 விழுக்காட்டையும் எட்டவில்லை என்று 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை காட்டிற்று. 2019இல் திட்டம் முடிவுற்றது.

இதற்கு மாறான வழியொன்று உண்டு. மும்பையிலும் வடோதராவிலும் 'பிரதம்' அமைப்பு 'பால்சகி' என்னும் திட்டத்தை நடத்தியது. உயர்நிலைப் பள்ளி முடித்த உள்ளூர்ப் பெண்ணொருத்தி, பின்தங்கிய இருபது பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே அமர்த்தி எழுத்தும் எண்ணும் கற்பித்தாள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் இதனை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். ஒரு பிள்ளைக்கு ஓராண்டுச் செலவு இரண்டேகால் டாலர். அதே ஆய்வில் கணினிவழிக் கணிதத்திற்கு ஏறத்தாழப் பதினைந்து டாலர். கணினியால் கணிதத்தில் முன்னேற்றம் மிகுதி என்பதை மறைப்பது நேர்மையன்று. எனினும் செலவிட்ட பணத்திற்குக் கிட்டிய பயனை நிறுத்துப் பார்த்தால் பால்சகியே வென்றாள். கடைநிலைப் பிள்ளைகளே அவளால் மிகுதியும் உயர்ந்தனர்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற என் போன்றோர்க்கு இச்செய்தி சற்றே உறுத்தும். அவள் பெற்ற பயிற்சி இரண்டே வாரம்! ஆயின் அவள் பாடத்திட்டத்தின் பின்னே ஓடவில்லை. பிள்ளை நின்ற இடத்திலிருந்து தொடங்கினாள். நாமோ பாடநூலை முடிக்க விரைகின்றோம். முதலாண்டில் தவறிய எழுத்தை மூன்றாம் ஆண்டில் யார் தேடித் தருவர்? 2021இல் தமிழகம் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யும் அண்டை அயலிலுள்ள தன்னார்வலரை நம்பியே, பெருந்தொற்றில் இழந்த கல்வியை மீட்கப் புறப்பட்டது.

"ஏழைப் பிள்ளைக்கு மலிவுக் கல்வியா?" எனச் சினப்பாரும் உளர். வாசிக்கவியலாத பிள்ளையின் முன் விலையுயர்ந்த பலகையை நிறுத்துவதே எனக்கு மலிவாகத் தோன்றுகிறது. நம் தோட்டப்புறங்களில் எஸ்.பி.எம். முடித்துத் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பெண்கள் இல்லையா? பலகைக்கென ஒதுக்கிய பணத்தில் அவர்களுக்கு மாதந்தோறும் ஓர் உதவித்தொகை தரலாம். வகுப்பறை மாலையில் வெறுமையாகத்தான் கிடக்கிறது.