சீட் கவருக்கு அடியில் புதைந்த பெல்ட்

குடும்பக் காரின் பின்சீட்டில் வீடியோ திரை மாட்டுவது எங்கள் பக்கத்திலும் சாதாரணமாகிவிட்டது. விருத்தாசலத்தை அடுத்த நல்லூரில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். முன்பு செல்ஃப் மோட்டார், டைனமோ, ஹாரன் என்றுதான் வண்டிகள் வரும். இப்போது புது வண்டி எடுத்தவர்கள் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோவிலில் பூஜை போட்டுவிட்டு, எலுமிச்சம்பழம் நசுங்கிய டயரோடு நேராகப் பட்டறைக்கு வருகிறார்கள். "பிள்ளைங்க பின்னாடி உக்காந்து படம் பாக்கணும்ணே. ரெண்டு ஹெட்ரெஸ்ட்லயும் டிவி போட்டுக் குடுங்க" என்கிறார்கள்.

போட்டுத்தான் கொடுக்கிறேன். ஆனால் ஒயரைத் தொடும் முன் பின்கதவைத் திறந்து, சீட்டின் இடுக்கில் கைவிட்டு, பெல்ட் பூட்டும் பக்கிளைத் தேடுவேன். பெரும்பாலான வண்டிகளில் அது கைக்கு அகப்படாது. ஷோரூமிலிருந்து வெளியே வந்ததும் போட்ட ரெக்சின் சீட் கவர், மூன்று பக்கிளையும் அடியில் தள்ளி மேலே இழுத்துத் தைக்கப்பட்டிருக்கும். பெல்ட் பக்கவாட்டில் தொங்கும். பூட்ட இடம் இருக்காது. கேட்டால், "உக்காந்தா குத்துதுண்ணே, அதான் உள்ள தள்ளச் சொன்னோம்" என்று பதில் வரும். குழந்தை இருக்கையை மாட்டுவதற்கென்று புதிய கார்கள் பலவற்றில் சீட்டின் அடிமுதுகில் இருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளுக்கும் இதே கதிதான். அப்படி ஒன்று தன் வண்டியில் இருப்பதே பல அப்பாக்களுக்குத் தெரியாது.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். வாடகை வண்டி, பள்ளி வாகனம் போல இடையிடையே எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போக வேண்டியதில்லை. ஆக, அந்தப் பதினைந்து ஆண்டுகளும் பின்சீட்டில் பக்கிள் இருக்கிறதா, புதைந்துவிட்டதா என்று எந்த அதிகாரியும் குனிந்து பார்க்கப்போவதில்லை. அந்த இடத்தில் படுகிற கைகள் சீட் கவர் தைப்பவரின் கை, தரைவிரிப்பு போடுபவரின் கை, திரை மாட்ட ஒயர் இழுக்கும் என் போன்றவரின் கை. பக்கிள் உள்ளே போனதும் எங்கள் தொழில்காரர்கள் கையால்தான். அதை வெளியே எடுத்து வைக்க வேண்டியதும் எங்கள் கைதான்.

பின்சீட்டுக்கு எதற்குப் பெல்ட் என்று இன்னமும் கேட்கிறார்கள். 2022 செப்டம்பர் 4 அன்று, டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் கார் விபத்தில் இறந்தார். விலையுயர்ந்த மெர்சிடிஸ் வண்டி. அவர் இருந்தது பின்சீட்டில். பெல்ட் போடவில்லை என்று காவல்துறை சொன்னது. அதே 2022-ல் சீட் பெல்ட் அணியாமல் நாடு முழுக்க இறந்தவர்கள் 16,715 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் ஓட்டுநர்கள் 8,384 பேர், உடன் வந்த பயணிகள் 8,331 பேர். சரிக்குச் சரி. ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் பெல்ட் என்ற நம் நினைப்பு எத்தனை குடும்பங்களைக் கொண்டுபோயிருக்கிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

"பாப்பாவ நான் மடியிலயே கெட்டியா புடிச்சிக்குவேன்" என்று சொல்லும் தாய்மார்களுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறது. மோதிய வேகத்தில் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அது நின்றுவிடுகிறது என்று வையுங்கள். 10 கிலோ எடையுள்ள குழந்தை அப்போது கையை இழுக்கும் விசை ஏறத்தாழ 170 கிலோ மூட்டையின் பாரத்துக்குச் சமம். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. அதே நேரத்தில் குழந்தையின் மடியில் பூட்டாமல் வைத்த அரை கிலோ டேப்லெட்டும் எட்டரை கிலோ பாரத்தோடு பறக்கும்.

இதைச் சொல்வதால் நான் திரைக்கு எதிரி என்று எண்ண வேண்டாம். "ஜன்னல் வழியா வேடிக்கை பாக்கட்டுமே, எதுக்குப் படம்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது எனக்கும் பிடித்த கேள்விதான். மல்லாட்டைக் கொல்லையும் முந்திரித் தோப்பும் பார்த்தபடி போகிற பிள்ளைக்கு ஊர் தெரியும், மண் தெரியும். ஆனால் பொங்கலுக்கு முதல் நாள் சென்னையிலிருந்து வேப்பூர் கூட்டுரோடு வரை இருநூறு கிலோமீட்டருக்கு மேல், சுங்கச்சாவடிக்குச் சுங்கச்சாவடி ஊர்ந்து வரும் குடும்பத்தை நான் அறிவேன். இருட்டில் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. சின்னது அழுகிறது, பெரியது அதைக் கிள்ளுகிறது, அம்மா பின்பக்கம் திரும்பித் திரும்பி அதட்டுகிறார், அப்பாவின் கவனம் சாலையிலிருந்து நழுவுகிறது. அந்த நேரத்தில் ஒரு கார்ட்டூன் படம் அந்த வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் நல்லதே செய்கிறது.

இன்னொன்றும் உண்டு. பின்னால் திரை இல்லாத வீடுகளில் பிள்ளைகளுக்காக டாஷ்போர்டில் இருக்கும் செட்டிலேயே படத்தை ஓட விடுகிறார்கள். இது மிகப் பெரிய ஆபத்து. வண்டி ஓடும்போது முன்திரையில் படம் வரக் கூடாது என்பதற்காகச் சில செட்டுகளில் ஹேண்ட்பிரேக்கோடு இணைக்கும் ஒயர் ஒன்று இருக்கும். அதை பாடியில் எர்த் கொடுத்து ஏமாற்றிவிட்டால் ஓட்டத்திலும் படம் ஓடும். "அத மட்டும் பண்ணிக் குடுங்கண்ணே" என்று கேட்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஓட்டுபவர் ஓட்டும்போது வழிகாட்டும் வரைபடம் தவிர வேறு வீடியோ பார்க்கக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டின் வாகனம் ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது. படம் வேண்டுமென்றால் அது பின்சீட்டுக்குத்தான் போக வேண்டும். அந்த வகையில் பின்சீட் திரையை நான் வரவேற்கிறேன்.

மாட்டுவதிலும் முறை இருக்கிறது. என் அப்பா விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர். எங்கள் ஊர்ப் பீங்கான் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அகல் விளக்கும் பொம்மையும் நினைவுக்கு வரும். என் வீட்டுக்குச் சோறு போட்டது மின்சாரப் பெட்டியில் செருகும் வெள்ளை ஃபியூஸ் கேரியர். ஃபியூஸின் அருமையை அப்படிப் படித்தவன் நான். இரண்டு சின்னத் திரைகளுக்கும் சேர்த்து 5 ஆம்பியர் ஃபியூஸ் பெரும்பாலும் போதும். அது அடிக்கடி போகிறதே என்று 20 ஆம்பியரைச் செருகினால், அடுத்த தடவை ஃபியூஸுக்குப் பதில் தரைவிரிப்புக்கு அடியில் இருக்கும் ஒயர் எரியும். ஆகவே தனி ஃபியூஸ், தனி லைன். அதுவும் சாவி திருப்பினால் மட்டும் உயிர் வரும் ஏசிசி லைன். நேரடியாக பேட்டரியில் கொடுத்தால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

முன்சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கப்ளர் தெரிந்தால் அதைத் தொடவே கூடாது; அது ஏர்பேக் லைன். திரை ஹெட்ரெஸ்ட்டின் முதுகில் அழுத்தமாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். விளிம்பு கூராக நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கூரையிலிருந்து தொங்கும் பெரிய திரையை நான் மாட்டித் தருவதில்லை. ஓட்டுபவர் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்ப்பதை அது மறைத்துவிடும். இரவில் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைக்க வேண்டும். ஓடும் வண்டியில் திரையையே பார்த்தால் சில பிள்ளைகளுக்கு வாந்தி வரும். உடம்பு அசைவதைக் காதுக்குள் இருக்கும் உறுப்பு உணர்கிறது, கண்ணோ அசையாத திரையைப் பார்க்கிறது. இரண்டும் முரண்படுவதால் வருவது இது. அந்தப் பிள்ளைகளுக்கு ஜன்னல்தான் மருந்து.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், பெல்ட் போடாத பிள்ளைக்கு எதிரில் ஒரு கடினமான பொருளைக் கொண்டுபோய் வைத்தவனாகத்தான் நான் ஆவேன். அதனால்தான் என் பட்டறையில் ஒரே கட்டளை: பக்கிள் மேலே வராமல் திரை மேலே ஏறாது. சீட் கவரில் மூன்று இடத்தில் அளவெடுத்து வெட்டி, ஓரம் பிரியாமல் தைத்து, பக்கிளை நிமிர்த்தி, ஒவ்வொரு பெல்ட்டையும் பூட்டிப் பார்த்த பிறகே ஒயர் இழுப்பேன். அரைமணி நேர வேலை. அதற்குக் கூலி வாங்குவதில்லை.

ஃபியூஸும் பெல்ட்டும் ஒரே இனம். ஆண்டுக்கணக்கில் சும்மா இருப்பதுபோல் தெரியும். தேவைப்படும் ஒரு நொடிக்காகவே அவை இருக்கின்றன. வீட்டில் ஃபியூஸ் இல்லாமல் மின்சாரம் எடுக்கத் துணியாத நாம், பெல்ட் இல்லாமல் பிள்ளைகளை நெடுஞ்சாலையில் ஏற்றுகிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. பின்சீட்டில் முன்னோக்கி அமர்பவரும் பெல்ட் போட வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138-ஆம் விதி சொல்கிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிப் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு சொல்கிறது. பெல்ட் போடாவிட்டால் கத்தும் ஒலியை நிறுத்த விற்கப்படும் போலிக் கிளிப்புகளை நீக்கச் சொல்லி 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய அங்காடிகளுக்கு உத்தரவிட்டது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. கிளிப் விற்பது தவறென்றால் பக்கிளைப் புதைத்துக் கவர் தைப்பது மட்டும் எப்படிச் சரியாகும்?

எனவே மூன்று கோரிக்கைகள். முதலாவது அரசுக்கு: பின்சீட் பக்கிளுக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கிக்கும் திறப்பு வைக்காத சீட் கவரை விற்கவோ மாட்டவோ கூடாது என்று உத்தரவு போடுங்கள். இரண்டாவது, கார் நிறுவனங்களுக்கு: புதிய கார்களில் பின்சீட் பெல்ட் பூட்டியதை உணரும் சுவிட்ச் ஏற்கெனவே வந்துவிட்டது. பெல்ட் பூட்டினால் மட்டும் பின்சீட் திரைக்கு மின்சாரம் போகும்படி நீங்களே அமைத்துத் தரலாம். பட்டறைக்காரர் பாதுகாப்பு ஒயரில் கைவைக்க வேண்டிய அவசியமும் அப்போது வராது.

மூன்றாவது, பெற்றோருக்கு. திரை வாங்க எடுத்து வைத்த பணத்திலிருந்து முதலில் குழந்தை இருக்கை வாங்குங்கள். ஏறத்தாழ நாலே முக்கால் அடி வளரும் வரை பெரியவர்களுக்கான பெல்ட் பிள்ளையின் கழுத்திலும் வயிற்றிலும்தான் விழும். அதுவரை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை வேண்டும். மீதிப் பணத்தில் திரை போடுங்கள். "பெல்ட் போட்டாத்தான் படம்" என்று முதல் பயணத்திலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள். படத்துக்காகவே தாமாகப் பெல்ட்டைத் தேடி எடுப்பார்கள். எங்கள் தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கும் சொல்கிறேன்: வண்டிக்காரர் கேட்காவிட்டாலும் பக்கிளை வெளியே எடுத்து வையுங்கள். அவர் திரைக்குத்தான் காசு கொடுக்கிறார். ஆனால் தன் பிள்ளைகளை உட்கார வைப்பது நீங்கள் கைவைத்த சீட்டில்.