மெஷின் ஓடுது, லாபம் எங்கே? ஓசூர் சிறுதொழில்கள் கவனிக்க வேண்டிய அடக்கவிலைக் கணக்கு

ஆர்டர் இருக்கிறது. மெஷின் இரண்டு ஷிப்ட் ஓடுகிறது. ஆனாலும் மாதக் கடைசியில் கையில் நிற்கும் காசு போன வருடத்தைவிடக் குறைவு. உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு தொழிற்கூடத்தில் இப்படி நடந்தால் முதலில் பழி விழுவது கரன்ட் பில் மீது. அடுத்து, பெரிய கம்பெனிகள் கேட்கும் விலைக் குறைப்பு மீது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கலாம். அது கொட்டேஷன் போடும் எக்செல் ஷீட்டுக்குள்ளேயே இருக்கும்.

எந்தப் பொருளின் தலையில் எவ்வளவு பொதுச் செலவை ஏற்றுகிறோம் என்பதுதான் அந்தக் காரணம். கேட்க கணக்காளர் சமாச்சாரம் போலத் தெரியும். ஆனால் எந்த ஆர்டரை எடுப்பது, எதை விடுவது என்பதையே தீர்மானிக்கும் விஷயம் இது.

ஓசூரில் இப்போது ஏன் இது முக்கியம்?

ஓசூர் தொழில் நகரமாக வளர்ந்தது ஒரே மாதிரி பாகங்களைப் பெரிய எண்ணிக்கையில் செய்துதான். 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் வந்தது. அதே ஆண்டு அசோக் லேலண்ட் ஆலையும் இங்கே தொடங்கியது. அதே பத்தாண்டில் டைட்டன் கடிகார ஆலையும் வந்தது. இந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி சிப்காட், சிட்கோ பேட்டைகளில் சிறு தொழிற்கூடங்கள் முளைத்தன. ஒரு புஷ், ஒரு ஷாஃப்ட், ஒரு பிராக்கெட் என்று வருடக்கணக்கில் அதையே ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்த கூடங்கள் ஏராளம்.

இப்போது படம் மாறுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா எலெக்ட்ரிக், ஓசூரில் ஏத்தர், டிவிஎஸ்ஸின் ஐக்யூப் என மின்சார ஸ்கூட்டர்கள் இங்கேயே தயாராகின்றன. ஓசூர் பக்கத்திலேயே டாடா எலெக்ட்ரானிக்ஸ் செல்போன் பாகங்கள் செய்கிறது. மின்சார ஸ்கூட்டரில் இன்ஜின் இல்லை, கிளட்ச் இல்லை, சைலன்சர் இல்லை. தேவைப்படும் பாகங்கள் குறைவு, வடிவமும் வேறு.

அதற்காக பெட்ரோல் வண்டி ஓய்ந்துவிடவும் இல்லை. 350 சிசி வரையிலான டூவீலர்களுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மின்சார வண்டிக்கு 5 சதவீதம் அப்படியே தொடர்கிறது. வரி இடைவெளி 23 புள்ளிகளிலிருந்து 13 ஆகச் சுருங்கிவிட்டது.

எல்லையைத் தாண்டினால் பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகள். சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கிருந்து 50 பீஸ், 100 பீஸ் என்று சின்னச் சின்ன ஆர்டர்கள் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆக, பழைய பெரிய ஆர்டர், புதிய ரக பாகங்கள், பெங்களூரு சில்லறை வேலை மூன்றும் ஒரே கூரையின் கீழ் ஓட வேண்டிய காலம் இது. இந்தக் கலவையில்தான் பழைய கணக்கு முறை தவறான விடை சொல்ல ஆரம்பிக்கிறது.

பொதுச் செலவு என்றால் என்ன?

ஒரு பாகத்துக்குப் போகும் இரும்பு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று நேரடியாகச் சொல்லிவிடலாம். ஆனால் கட்டட வாடகை, மெஷின் தேய்மானம், செட்டர் சம்பளம், தர ஆய்வாளர் சம்பளம், கரன்ட், வண்டி வாடகை போன்றவை எந்த ஒரு பாகத்துக்கும் மட்டும் சொந்தமானவை அல்ல. இவைதான் ஓவர்ஹெட் எனப்படும் மேற்செலவு. இதை எல்லா பாகங்களுக்கும் ஏதோ ஒரு முறையில் பிரித்தாக வேண்டும்.

வழக்கமான முறை மெஷின் ஹவர் ரேட். மாத மேற்செலவை மொத்த மெஷின் நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று வரும். எந்த பாகம் மெஷினில் அதிக நேரம் ஓடுகிறதோ, அது அதிகச் செலவைச் சுமக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சிக்கல் எங்கே?

ஒரு டிபன் கடையை நினைத்துப் பாருங்கள். ஒரு டேபிளில் இருபது சாதா தோசை ஆர்டர். மாஸ்டர் கல்லை விட்டு நகராமல் ஊற்றித் தள்ளுவார். பக்கத்து டேபிளில் ஆறு பேர், ஆறு விதமான தோசை. ஒருவருக்கு வெங்காயம் வேண்டாம், இன்னொருவருக்கு எண்ணெய் கூடாது. ஒவ்வொன்றுக்கும் கல்லைத் துடைக்கணும், மசாலாவை மாத்தணும். கல்லில் தோசை வேகும் நேரம் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் மாஸ்டரின் நேரத்தை எந்த டேபிள் தின்றது? மெஷின் ஹவர் ரேட் பார்ப்பது வேகும் நேரத்தை மட்டும்.

எண்களில் பார்த்தால்?

புரிவதற்காக ஒரு கற்பனைத் தொழிற்கூடத்தை எடுத்துக்கொள்வோம். மாத மேற்செலவு 6,60,000 ரூபாய். இரண்டே வகை வேலை.

பாகம் 'அ': டூவீலர் கம்பெனிக்கு மாதம் 40,000 பீஸ். ஒரு பீஸுக்கு 3 நிமிடம், மொத்தம் 2,000 மெஷின் மணி நேரம்.

பாகம் 'ஆ': பல வாடிக்கையாளர்களுக்கு 50 பீஸ் கொண்ட 40 லாட், மொத்தம் 2,000 பீஸ். ஒரு பீஸுக்கு 6 நிமிடம், மொத்தம் 200 மணி நேரம்.

மொத்தம் 2,200 மணி நேரம். 6,60,000-ஐ வகுத்தால் மணிக்கு 300 ரூபாய். அதன்படி 'அ' பாகத்தின் மேற்செலவு பீஸுக்கு 15 ரூபாய், 'ஆ' பாகத்துக்கு 30 ரூபாய்.

இப்போது அதே 6,60,000 எதற்காகச் செலவானது என்று பிரிப்போம்.

- மெஷின் ஓட்டம் (மின்சாரம், பராமரிப்பு, தேய்மானம்): 3,30,000. மணிக்கு 150 ரூபாய்.
- செட்டிங் மாற்றுவது: 1,44,000. 'அ'-வுக்கு 8 முறை, 'ஆ'-வுக்கு 40 முறை. ஒரு செட்டிங்குக்கு 3,000 ரூபாய்.
- தர ஆய்வும் ரிப்போர்ட்டும்: 96,000. 'அ'-வுக்கு 20 ரிப்போர்ட், 'ஆ'-வுக்கு 60. ஒன்றுக்கு 1,200 ரூபாய்.
- பேக்கிங், பில், வண்டி: 90,000. 'அ'-வுக்கு 20 நடை, 'ஆ'-வுக்கு 40. நடைக்கு 1,500 ரூபாய்.

கூட்டிப் பார்த்தால் 'அ' பாகத்தின் பங்கு 3,78,000 ரூபாய், பீஸுக்கு 9.45. 'ஆ' பாகத்தின் பங்கு 2,82,000 ரூபாய், பீஸுக்கு 141.

30 ரூபாய் என்று நினைத்தது 141 ரூபாய்! பெரிய ஆர்டரின் தலையில் மாதம் 2,22,000 ரூபாய் கூடுதலாக ஏற்றப்பட்டிருந்தது. அதே தொகை சின்ன ஆர்டரில் மறைந்திருந்தது. மொத்தச் செலவு ஒரு பைசா கூட மாறவில்லை. யார் காரணம் என்பது மட்டும்தான் மாறியது.

இதன் விளைவு கொட்டேஷனில் தெரியும். 'அ' பாகத்துக்கு இந்தக் கூடம் தேவையில்லாமல் அதிக விலை சொல்லும், போட்டியாளர் ஆர்டரைத் தட்டிப் பறிப்பார். 'ஆ' பாகத்துக்கு ரொம்பக் குறைந்த விலை சொல்லும், வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்பார்கள். கூடம் முன்பைவிட பிஸியாக இருக்கும். லாபம் மட்டும் கரையும்.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

செயல்பாடு அடிப்படையிலான அடக்கவிலைக் கணக்கு, சுருக்கமாக ஏபிசி. 1980-களில் ஹார்வர்டு பேராசிரியர்கள் ராபின் கூப்பர், ராபர்ட் கப்ளான் இருவரும் அமெரிக்கத் தொழிற்சாலைகளை ஆராய்ந்து இதைப் பிரபலப்படுத்தினார்கள். அவர்கள் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுகளில் ஒன்று, டிராக்டர் கம்பெனி ஜான் டீரின் உதிரிபாகப் பிரிவு பற்றியது. சின்ன எண்ணிக்கை பாகங்களுக்கான ஆர்டர்கள் அந்தப் பிரிவுக்குக் கிடைத்தன. அதன் மெஷின்கள் எதற்காக வாங்கப்பட்டனவோ, அந்தப் பெரிய எண்ணிக்கை ஆர்டர்கள் வெளியாட்களிடம் போயின. காரணம், மேலே பார்த்த அதே கணக்குக் கோளாறு.

இந்தியாவிலும் இது புதிய தத்துவம் இல்லை. இந்திய அடக்கவிலைக் கணக்காளர் நிறுவனத்தின் சிஏஎஸ்-3 என்ற தரநிலை, மேற்செலவைக் காரணமும் விளைவும் பார்த்தோ, கிடைத்த பயனைப் பார்த்தோ பிரிக்கச் சொல்கிறது. ஆனால் 2014-ம் ஆண்டு விதிகளின்படி அடக்கவிலைப் பதிவேடு கட்டாயம் என்பது குறிப்பிட்ட துறைகளில் 35 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகளுக்குத்தான். குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. அவற்றுக்கு ஜிஎஸ்டி, வருமான வரிக்காக ஆடிட்டர் போடும் கணக்கு மொத்த லாபத்தைச் சொல்லும். எந்த பாகத்தில் லாபம் என்று சொல்லாது.

கரன்ட் பில்லுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் கட்டண உயர்வில், உயர் அழுத்த இணைப்புக்கான டிமாண்ட் கட்டணம் ஒரு கேவிஏ-வுக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ஆனது. தாழ்வழுத்த இணைப்புள்ள சிறு கூடங்களுக்கும் நிலைக்கட்டணம் ஏறியது. இதை எதிர்த்து 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுக்க சிறுதொழில்கள் ஒரு நாள் கதவடைப்பு நடத்தின. அதன் பிறகும் 2024 ஜூலையில் 4.83 சதவீதம், 2025 ஜூலையில் 3.16 சதவீதம் என்று கட்டணம் உயர்ந்தது.

டிமாண்ட் கட்டணத்தின் குணம் என்னவென்றால், மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டும். ஒப்பந்த அளவில் குறைந்தது 90 சதவீதத்துக்கு பில் வரும். 200 கேவிஏ இணைப்பு என்றால் 180-க்குக் கட்டணம். 350 ரூபாய் கணக்கில் 63,000 ஆக இருந்தது, 550 ரூபாயில் 99,000 ஆனது.

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. ஆர்டர் குறைந்து மெஷின் நேரம் 2,200-லிருந்து 1,500 மணியாக விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்செலவு அப்படியே நின்றால், மெஷின் ஹவர் ரேட் 300-லிருந்து 440 ரூபாய்க்குத் தாவும். கொட்டேஷன் ஏறும், இன்னும் ஆர்டர் போகும், ரேட் மறுபடி ஏறும். சும்மா நிற்கும் மெஷினின் செலவை, ஓடும் பாகத்தின் தலையில் கட்டுவதால் வரும் சுழல் இது. ஏபிசி-யைச் சரியாகப் பயன்படுத்தும்போது மெஷினின் நடைமுறைத் திறனை வைத்து ரேட் கணக்கிடுவார்கள். சும்மா நின்ற நேரத்தின் செலவு தனி வரியில் நிற்கும். அது பாகத்தின் விலை அல்ல, முதலாளி தீர்க்க வேண்டிய பிரச்சினை.

எல்லோருக்கும் இது சரிவருமா?

ஒரே பாகத்தை மட்டும் செய்யும் கூடத்துக்குத் தேவையே இல்லை. அங்கே பழைய முறையும் அதே விடையைத்தான் தரும். செலவுகளை ஐம்பது வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அளந்துகொண்டிருந்தால் அந்த வேலையே ஒரு மேற்செலவாகிவிடும். 1990-களில் ஏபிசி-யைக் கொண்டுவந்த பல பெரிய நிறுவனங்கள் பராமரிக்க முடியாமல் கைவிட்டன. இதை ஒப்புக்கொண்டுதான் கப்ளானும் ஸ்டீவன் ஆண்டர்சனும் 2004-ல் எளிய வடிவம் ஒன்றை முன்வைத்தார்கள். கூடத்தின் ஒரு நிமிடத்துக்கு என்ன செலவு, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம் என்ற இரண்டு கேள்விகள் மட்டும் போதும் என்பது அதன் சாரம்.

இன்னொரு நிஜமும் உண்டு. பெரிய கம்பெனியிடம் விலை பேசும்போது சின்ன சப்ளையரின் கை ஓங்கி இருப்பதில்லை. 141 ரூபாய் ஆகிறது என்று தெரிந்தாலும் அதைக் கேட்டு வாங்க முடியுமா என்பது வேறு கேள்வி.

அப்போ தெரிஞ்சு என்ன பயன்?

விலையை ஏற்றுவது மட்டுமே வழி இல்லை. லாட்டுக்கு இவ்வளவு என்று செட்டிங் சார்ஜைத் தனியாகக் கேட்கலாம். 50 பீஸாக நாலு முறை கேட்பவரிடம், 200 பீஸாக ஒரே முறை எடுத்தால் விலை குறையும் என்று பேசலாம். அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைத் தாண்டிப் போகும் வண்டியில் மூன்று வாடிக்கையாளரின் சரக்கை ஒன்றாக ஏற்றலாம். ஃபிக்ஸரை மாற்றியமைத்து செட்டிங் நேரத்தைப் பாதியாக்கினால் எத்தனை ரூபாய் மிச்சம் என்று கணக்கிட்டுச் செலவு செய்யலாம். முக்கியமாக, 'அ' பாகத்துக்கு அடுத்த விலைக் குறைப்புக் கோரிக்கை வரும்போது எவ்வளவு வரை இறங்கலாம் என்று தெரிந்து பேசலாம்.

சில புதிய ஆர்டர்களை நஷ்டம் தெரிந்தே எடுப்பதும் நியாயமான முடிவாக இருக்கலாம். மின்சார வாகனப் பாகத்தில் அனுபவம் பெற இன்று 50 பீஸ் செய்பவருக்கு நாளை 5,000 பீஸ் வரலாம். ஆனால் அது கற்றுக்கொள்வதற்கான முதலீடு என்று தெரிந்து செய்ய வேண்டும்.

தொடங்குவதற்கு சாஃப்ட்வேர் தேவையில்லை. ஒரு மாதத்துக்கு நான்கு விஷயங்களைக் குறித்தால் போதும்: எந்த பாகத்துக்கு எத்தனை முறை செட்டிங் மாறியது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எடுத்தது, எத்தனை ஆய்வு ரிப்போர்ட், எத்தனை நடை வண்டி. இதில் பாதி ஏற்கெனவே செட்டரின் நோட்டிலும் டெலிவரி சலான் கட்டிலும் இருக்கும். ஷாப்ஃப்ளோரில் வேலை பார்க்கும் இளம் இன்ஜினீயர் ஒருவரே ஒரு எக்செல் ஷீட்டில் இதைப் போட்டுவிட முடியும். அடுத்த கொட்டேஷன் போகும் முன் அந்த ஷீட்டைப் பழைய மெஷின் ஹவர் ரேட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வாடிக்கையாளரிடம் முதலில் பேச வேண்டும் என்பது தெரிந்துவிடும்.