அரிசி டப்பாவுல ஆண்ட்ராய்டா?

மழை வந்தா பொழிச்சலூர்ல முதல்ல நனையறது ரோடு, அடுத்தது நம்ம பாக்கெட்ல இருக்கற செல்போன்! 2015 டிசம்பர்ல அடையாறு வெள்ளம் புகுந்தப்போ, எத்தனை போன் அரிசி டப்பாவுல தூங்குச்சோ!

அரிசி ஈரத்தை உறிஞ்சிடும்னு நம்பறீங்களா பாஸ்? ஸாரி! மூடின போனுக்குள்ள இருக்கற தண்ணியை அது வெளியே இழுக்காது. அரிசித் தூள்தான் சார்ஜிங் ஓட்டையில போய் அடைச்சுக்கும். 'ஐபோனை அரிசியில போடாதீங்க'ன்னு 2024-ல ஆப்பிள் கம்பெனியே சொல்லிடுச்சு. ஆண்ட்ராய்டுக்கும் அதே கதைதான்.

உண்மையான வில்லன், ஈரத்துல பாயற கரன்ட். அதனால 'உயிர் இருக்கா'ன்னு பவர் பட்டனை அமுக்கிப் பார்க்காதீங்க, சார்ஜும் போடாதீங்க. ஆன்ல இருந்தா உடனே ஆஃப் பண்ணுங்க. சிம்மைக் கழட்டி, சார்ஜிங் ஓட்டை கீழே பார்க்கற மாதிரி சாய்ச்சு வெச்சு, ஃபேன் காத்துல காய விடுங்க. ஹேர் டிரையர் சூடு பேட்டரிக்கு ஆகாது. வெள்ளத் தண்ணின்னா நேரா சர்வீஸ் கடைதான்; அழுக்கும் உப்பும் போர்டை அரிச்சிடும்.

'என் போன் ஐபி68'னு கெத்து காட்டறீங்களா? அந்தச் சோதனை நல்ல தண்ணியில நடக்கறது, சாக்கடையில இல்லை!

கடன் வாங்கியாவது புது போன் வாங்கிடலாம். அதுல இருந்த தாத்தா குரலை எந்தக் கடையில வாங்குவீங்க? மழைக்கு முன்னாடியே பேக்கப் எடுத்துடுங்க மக்கா!