ஆய்வகத்திற்கும் தேர்வு வேண்டும்

கருவுற்ற பெண் முதன்முறை மருத்துவமனைக்கு வரும்போது செய்யப்படும் இரத்தப் பரிசோதனைகளுள் ஒன்று, சிபிலிஸ் என்னும் பால்வினை நோய்க்கானது. அறிக்கையில் ‘வி.டி.ஆர்.எல்.’ என்று காணப்படுவது அதுவே. நோய் இருந்தும் இல்லையென முடிவு வந்தால், பென்சிலின் ஊசியால் காத்திருக்கக்கூடிய குழந்தை கருவிலேயே இறக்கலாம், நோயுடனும் பிறக்கலாம். இல்லாத நோயை இருப்பதாகச் சொன்னால், கணவன் மனைவியரின் நம்பிக்கை குலையும்.

இச்சோதனையில் விடையை எந்திரம் சொல்வதில்லை. சீரத்துடன் மருந்துத் துளியைக் கலந்து, நிமிடத்திற்கு 180 சுற்று வீதம் 4 நிமிடம் சுழற்றி, திரள்கள் தோன்றுகின்றனவா என்று நுண்ணோக்கியில் மனிதரே பார்த்துச் சொல்கிறார். அறையின் வெப்பம் 23 முதல் 29 டிகிரிக்குள் இருத்தல் வேண்டும். குற்றாலச் சாரல் வீசும் ஆடியிலும், வெயில் கொளுத்தும் சித்திரையிலும் இது மாறலாகாது. நோயெதிர்ப்பொருள் மிகுந்த சீரம், நீர்க்காமல் சோதித்தால் நோயில்லை என்றே காட்டிவிடுவதும் உண்டு.

ஆய்வகம் நாள்தோறும் தன்னைத்தானே சரிபார்ப்பது, மாணவர் தம் விடைத்தாளைத் தாமே திருத்துவது போன்றது. அது தேவை; ஆயினும் போதாது. ஆகவேதான் வெளித் தர மதிப்பீடு. மேல்நிலை ஆய்வகமொன்று விடையை மறைத்துச் சீர மாதிரிகளை அனுப்பும், பெறும் ஆய்வகம் சோதித்து முடிவை எழுதியனுப்பும், பிறகு ஒப்பிடப்படும். தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையின் பால்வினை நோய் மையம் சிபிலிஸ் சோதனைக்கு இதனை நடத்தி வந்துள்ளது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வேறு பல சோதனைகளுக்கு நெடுங்காலமாக இப்பணியைச் செய்கிறது.

அம்மாதிரியை மட்டும் கைதேர்ந்தவரிடம் தந்து இருமுறை சோதிப்பதை நாம் ஏற்பதற்கில்லை. அதில் கிடைக்கும் மதிப்பெண் நோயாளிக்குப் பயன்படாது. அன்றாட மாதிரிகளைச் சோதிப்பவரே, அன்றாட முறையிலேயே அதனையும் சோதிக்க வேண்டும். தவறினால் ஊழியரைத் தண்டிப்பதை விடுத்துக் காரணத்தைக் களைவதே முறை.

செலவைக் காட்டித் தயங்குவோர் இலங்கையை நோக்கலாம். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019-இல் அதனை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்தச் சான்றிதழுக்கு ஆய்வகங்களின் தரமும் ஆராயப்படுகிறது.

செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில் எனப் பல ஊர்களிலிருந்தும் வெவ்வேறு ஆய்வக அறிக்கைகளுடன் தென்காசிக்கு வருகிறீர்கள். “இவ்வாய்வகம் வெளித் தர மதிப்பீட்டில் பங்கேற்கிறதா?” என்று தயங்காமல் கேளுங்கள். அக்கேள்வி அவமதிப்பன்று, உங்கள் உரிமை. ஒவ்வோர் ஆய்வகமும் தன் அண்மை மதிப்பீட்டு முடிவை வரவேற்பறையில் எழுதி வைத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

முடிவு ‘பாசிட்டிவ்’ என வந்தாலும் கலங்க வேண்டா. கருவுற்ற நிலையிலும் வேறு சில நோய்களிலும் இச்சோதனை பொய்யாக அவ்வாறு காட்டலாம். டி.பி.எச்.ஏ. போன்ற உறுதிச் சோதனை செய்து, மருத்துவரிடம் பேசிய பின்னரே எதனையும் முடிவு செய்க.