உரிமம் வைத்திருக்கும் குற்றத்துக்கு

தமிழ்நாடு அரசின் மாண்புமிகு மின்துறை அமைச்சர் அவர்களுக்கு,

தென்மாவட்ட ஊர் ஒன்றில் உரிமம் பெற்று மின் ஒப்பந்தத் தொழில் செய்து வருபவன் நான். அரசு முத்திரையிட்ட அந்த உரிமத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஊதுபத்தி கொளுத்தாத குறைதான். அதைக் காட்டுங்கள் என்று வீடு கட்டுகிற ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதுமில்லை. ஆயிரம் அலுவல்களுக்கிடையே இச்சிறு செய்தி தங்கள் திருச்செவிக்கு எட்டாமல் போயிருக்கும் என்றே இதுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். அந்தச் சமாதானம் வரவர என் காதிலேயே ஏறாமல் போவதால்தான் இம்மடலை எழுதத் துணிந்தேன்.

உரிமம் பற்றிய அரசின் வாக்குறுதியில் தெளிவுக்குக் குறைவில்லை. 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆம் விதி அன்றே சொல்லிவிட்டது: பல்பு, மின்விசிறி, ஃப்யூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவது தவிர, ஒரு கட்டடத்தின் மின்னமைப்பில் புதுவேலையோ மாறுதலோ செய்வதானால் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும், தகுதிச் சான்றிதழ் பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் அது நடக்க வேண்டும். மத்திய மின்சார ஆணையம் 2010இல் புதிய பாதுகாப்பு ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தபோதும், 2023இல் அவற்றைத் திருத்தி எழுதியபோதும் இந்த வாக்கு நீங்கவில்லை. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாக ஒரு வாசகம் பதவி இழக்காமல் இருப்பது நம் நாட்டில் அபூர்வம். அந்த வகையில் அதற்கு என் வணக்கம்.

அந்த வாசகத்தை நம்பித்தான் நாங்கள் இத்தொழிலுக்கு வந்தோம். சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளருக்கும் ஒயர்மேனுக்கும் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சம்பளம் கொடுக்கிறோம். ஒயரின் காப்புத்தன்மையைச் சோதிக்கும் மெகர், எர்த் டெஸ்டர் எல்லாம் சொந்தமாக வாங்கி வைத்திருக்கிறோம். கட்டணம் கட்டுகிறோம், பில் போடுகிறோம், வரி செலுத்துகிறோம். இத்தனையையும் சேர்த்துத்தான் ஒரு பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று கூலி சொல்ல முடிகிறது. பக்கத்துத் தெருவில் ஒரு டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் வைத்திருப்பவர் அதில் பாதி சொல்கிறார். வீட்டுக்காரர் அவரிடம் போகிறார். நான் வீட்டுக்காரராக இருந்தாலும் அவரிடம்தான் போவேன். இருவருக்கும் உள்ள வேறுபாடு சுவருக்குள் புதைந்து கிடக்கிறது. பூச்சுக்கு மேல் இரண்டு வீடுகளும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஒரு வீட்டுக்கு ஒயரிங் நடக்கும் விதத்தைத் தாங்கள் நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்த வேலையையும் மேஸ்திரி பேசி முடிக்கிறார். மின்வேலையை அவர் தமக்குத் தெரிந்த பையனிடம் விடுகிறார். பையன் சுவரில் காடி வெட்டுகிறான், குழாய் பதிக்கிறான், ஒயர் இழுக்கிறான், பலகை மாட்டுகிறான். பூச்சு முடிந்து பெயின்ட் அடித்து, கிரகப்பிரவேசத்துக்கு நாளும் குறித்த பிறகு, மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போதுதான் உரிமம் பெற்ற ஒருவரின் சோதனை அறிக்கை தேவை என்று தெரியவருகிறது. உடனே என் கடைக்கு வருகிறார்கள். "அண்ணாச்சி, வேலையெல்லாம் முடிஞ்சிட்டு, ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தாங்க." நான் மறுத்துவிடுகிறேன். மறுக்காதவர்களும் எங்களில் உண்டு. பார்க்காத வீட்டுக்குக் கையெழுத்திடுவதற்கு ஒரு விலையும் உண்டு. அந்தக் காகிதம் வந்ததும் மீட்டர் ஓடத் தொடங்குகிறது. வேலை செய்தவன் பெயர் எங்கும் இல்லை. பெயர் உள்ளவர் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை.

தங்கள் துறை ஏமாற்றப்படுகிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் துறைக்கு இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கின்றன: புது இணைப்பு தருமுன் மின்னமைப்பைத் தானே சோதிக்கலாம், இல்லையேல் ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட அறிக்கையை ஏற்றுக்கொள்ளலாம். வீடுகளைப் பொறுத்தவரை இரண்டாவது வழியில்தான் போக்குவரத்து. ஒப்பந்ததாரரின் நேர்மைமீது இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கும் துறை உலகில் வேறெங்கேனும் இருக்குமா என்பது ஐயமே. அந்த நம்பிக்கைக்கு நன்றி. மெகரில் 500 வோல்ட் கொடுத்து ஒரு நிமிடம் பார்த்தால், ஒயரின் காப்புத்தன்மை குறைந்தது ஒரு மெகா ஓமாவது காட்ட வேண்டும். ஒரே ஒரு நிமிடம். அதைக்கூட யாரும் பார்க்காத வீடுகளில் நம் மக்கள் குழந்தை குட்டிகளோடு உறங்குகிறார்கள்.

அந்தச் சுவர்களை உடைத்துப் பார்க்க நேர்கிறவன் நான். 4 சதுர மி.மீ. ஒயர் போட வேண்டிய ஏ.சி. லைனில் ஒன்றரை போட்டு, அது சூடேறி உருகிய பின் என்னை அழைப்பார்கள். கரியும் உப்பும் இட்டுக் குழி தோண்டிப் போட வேண்டிய எர்த் இருக்காது. பச்சை ஒயர் பலகைக்குள்ளேயே நியூட்ரலோடு முறுக்கப்பட்டிருக்கும். மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டித்து உயிர் காக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. கட்டாயம் என்று விதி வந்தது. நல்ல விதி, கைதட்டி வரவேற்கிறேன். ஆனால் நியூட்ரலும் எர்த்தும் கலந்த வீட்டில் ஆர்.சி.டி. ஓயாமல் ட்ரிப் ஆகும். வீட்டுக்காரர் சலித்துப்போய் அதே பையனைக் கூப்பிடுவார். அவன் அதைக் கழற்றி நேராக இணைத்துவிட்டு, கோளாறு சரியாகிவிட்டது என்பான். கரண்டும் நிற்காமல் வரும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் இந்தியாவில் ஆண்டுக்கு 12,000க்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள். வயல்வெளியும் அறுந்த கம்பியும் அதில் அடக்கம். அத்தனையும் ஒயரிங் சாவு என்று நான் சொல்லவில்லை. குளியலறைக் கீசர்களும் அதில் இருக்கின்றன என்று மட்டும் சொல்கிறேன்.

பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர் எங்கே போவார்? ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் அடுக்ககம் கட்டி விற்பவருக்கு உரியது. சொந்த மனையில் ஆள் வைத்துக் கட்டியவருக்கு அங்கே இடமில்லை. நுகர்வோர் சட்டத்தில் 1993 முதல் வீடு கட்டித் தருவதும் சேவைதான். ஆனால் பில் இல்லை, ஒப்பந்தம் இல்லை. மேஸ்திரி ஒரு துண்டுச் சீட்டில் கூட்டிக்கழித்த கணக்குதான் கையில் உண்டு. கட்டி முடித்த பிறகாவது அரசின் கண் ஒன்று உள்ளே வந்து பார்க்குமா என்றால், 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் சிறு குடியிருப்புகளுக்குப் பணி நிறைவுச் சான்றிதழிலிருந்து விலக்கு அளித்தன. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனைகளில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்றின் பேரில் உடனடி அனுமதியும் கிடைக்கிறது. மக்கள் அலைச்சலைக் குறைத்த திட்டம் என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். இது வேறு துறையின் காரியம் என்று தாங்கள் நினைவூட்டலாம். துறைகள் வேறுதான், வீடு ஒன்று.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பையன்மேல் எனக்குப் பகையில்லை. என்னிடம் இருக்கும் ஒயர்மேன் சிலரைவிடக் கைத்திறன் உள்ளவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே அரசு மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. ஐந்தாண்டு அனுபவம் காட்டி, ஐ.டி.ஐ.யில் செய்முறை செய்து காட்டித் தேறலாம். எழுதச் சொல்லி நானே சிலரை அனுப்ப முயன்றிருக்கிறேன். ஒருவன் திருப்பிக் கேட்டான்: "அது இல்லாம எந்த வேலை நின்னு போச்சு அண்ணாச்சி?" என்னால் ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை. தங்களால் முடியுமானால் தெரிவியுங்கள். அவனிடம் சொல்லி அனுப்புகிறேன். இன்றைய நிலையில் உரிமம் இல்லாதவர்மேல் எந்த விதியும் பாய்வதில்லை, ஏனென்றால் அவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கட்டணமும் காலாவதியும் நோட்டீசும், பெயரும் முகவரியும் எழுதிக் கொடுத்த எங்களுக்குத்தான்.

எனவே புதுச் சட்டம் எதையும் நான் கேட்கவில்லை. அந்தந்த ஊரில் உரிமம் பெற்றவர்கள் இன்னார் என்று மின்வாரியத்தின் ஒவ்வொரு பிரிவு அலுவலகத்திலும் தமிழில் எழுதி ஒட்டச் செய்யுங்கள். பூச்சு வேலைக்குப் பிறகு அல்ல, காடி வெட்டுவதற்கு முன்பே ஒப்பந்ததாரர் பெயரைப் பதியச் சொல்லுங்கள். இணைப்புக் கேட்டு வரும் வீடுகளில் பத்துக்கு ஒன்றையாவது, முன்னறிவிப்பின்றித் தங்கள் ஆட்களே மெகர் வைத்துச் சோதிக்கட்டும். பார்க்காத வீட்டுக்குக் கையெழுத்திட்டவர் சிக்கினால் உரிமத்தைப் பறியுங்கள். அவர் என் சங்கத்துக்காரராக இருந்தாலும் நான் பரிந்து பேச வரமாட்டேன். சோதித்துப் பார்க்கும் அதிகாரம் தங்கள் துறைக்கு ஏற்கெனவே உண்டு. தங்கள் கையொப்பமிட்ட ஒரு சுற்றறிக்கை போதும்.

இங்ஙனம்,
தங்கள் அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் ஒருவர்