ஊர்றதெல்லாம் எறும்பா?

பாகூர் ஏரிக்கரையில சித்தி பையன் ஒரு "எறும்பை"க் கையில எடுத்துட்டான். சிவப்பு நெஞ்சு, கறுப்பு வயித்துல வெள்ளைப் புள்ளி, உடம்பெல்லாம் வெல்வெட் மாதிரி முடி. அடுத்த நிமிஷம் ஊரே திரும்பிப் பார்க்கிற அலறல்!

ஓடிவந்த பெரியவர் ஒருத்தர், "இது இலை வெட்டுற எறும்புடா, உங்க வீட்டு ரோஜாச் செடியை நாசம் பண்ணதும் இதான்"னு தீர்ப்பு சொன்னார். சொன்னதோட விட்டாரா? வீட்டைச் சுத்தியிருந்த எறும்புப் புத்து, ரோஜாச் செடி, ஒண்ணு விடாம பவுடரைக் கொட்டிட்டார். ஒரே வாக்கியத்துல எத்தனை தப்பு மக்களே!

முதல்ல, அது எறும்பே இல்லை. இறக்கையில்லாத குளவி. மூட்டிலிடே குடும்பம். பெண்ணுக்குத்தான் இறக்கை கிடையாது, கொடுக்கு இருக்கிறதும் அவளுக்குத்தான். ஆண் பறக்கும், கொட்டாது. எறும்போட உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருக்கும், இதுக்கு அப்படி மடங்காது. ராணி, வேலைக்காரங்க, புத்து எதுவும் கிடையாது, தனி ஆள். மண்ணுல வளை தோண்டுற தேனீ, குளவிகளோட கூட்டுக்குள்ள நுழைஞ்சு அங்க வளர்ற குஞ்சு மேல முட்டை வைக்கும். பொரிஞ்சு வர்ற புழு அதைத் தின்னே வளரும். இலைப்பக்கம் இதுக்கு என்ன வேலை?

(மழை விட்டதும் வர்ற தம்பலப்பூச்சி வேற. அதுக்கு எட்டுக் கால், கொட்டாது. அதைத் தீப்பெட்டியில போட்டு வளர்த்த தைரியத்துலதான் பையன் இதையும் எடுத்திருக்கான், பாவம்.)

ரெண்டாவது, நிஜமான இலைவெட்டி எறும்பு அமெரிக்கக் கண்டங்கள்ல மட்டும்தான் உண்டு. அட்டா, அக்ரோமிர்மெக்ஸ்னு பேரு. லட்சக்கணக்குல கூட்டமா இருக்கும். வெட்டின இலையை அப்படியே தின்னாது, அதுல பூஞ்சை பயிர் பண்ணும். டிவியில அதுங்க இலையைக் குடை மாதிரி தூக்கிட்டுப் போறதைப் பார்த்துட்டு வில்லியனூர்லயும் பாகூர்லயும் தேடினா எப்படி? நம்ம மாமரத்து முசுறு இலையைத் தன் புழுவோட பட்டுநூலால தைக்கும், அவ்வளவுதான். வெட்டாது.

அப்போ ரோஜா இலையில அரைவட்டமா, கத்தரியால வெட்டின மாதிரி வெட்டினது யாரு? இலைவெட்டித் தேனீ. முட்டையிடுற அறையைச் சுத்தி ஒட்டத்தான் அந்தத் துண்டு. செடி அதனால சாகாது. துவரைப் பூவுக்கு மகரந்தம் சேர்க்கிற வேலையும் இந்தத் தேனீ செய்யுது. துவரை போடுற ஊர்ல இருந்துக்கிட்டு அது வந்து உட்கார்ற செடியிலேயே விஷம் தூவறோம்!

இதையெல்லாம் பெரியவர்கிட்ட சொன்னேன். "நாலு எழுத்து படிச்சா எறும்பு குளவி ஆயிடுமா"ன்னார். பவுடர் டப்பா காலி. நேத்து ரோஜா இலையில புதுசா ரெண்டு அரைவட்டம்.