மூலைக்கடை

பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்த எம்மவர், நகர மத்தியில் பூட்டிக் கிடக்கும் பெரிய கடைகளைக் கண்டு யோசிப்பதுண்டு. வூல்வேர்த்ஸ் 2009 ஜனவரியோடு 800க்கும் மேற்பட்ட கடைகளை மூடிவிட்டது. 2016இல் பி.எச்.எஸ்., 2021இல் டெபனம்ஸ். ஊருக்கு வெளியே கார்த் தரிப்பிடத்தோடு எழுந்த பேரங்காடிகளும், பின்னர் இணைய வியாபாரமும் சனத்தை இழுத்துக்கொண்டன.

எம்மவர் நடத்தும் சிறுகடைகளுக்கு ஒரு பிடி உண்டு. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீற்றருக்கு மேற்பட்ட பெரும்பாலான கடைகள் ஞாயிறில் ஆறு மணிநேரமே திறக்கலாம். சிறுகடைக்கு அத்தடை இல்லை. ஆங்கிலம் பிடிபடாத எத்தனை பேருக்கு அங்கேதான் முதல் வேலை கிடைத்தது! மறந்துபோன பாணுக்கு மட்டும் ஓடினால் அக்கடை எப்படி நிலைக்கும்? அரிசி, மா, பருப்பையாவது அங்கே வாங்குவோம், வெள்ளிக்கிழமை மரக்கறியையும்.